இருவர் போரில் மூன்றாமவர் கடமை

(மகாவீரர் ஜயந்தி விழாவில், உத்திரமேரூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அகிம்சையைப் பற்றி உரையாற்றுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அகிம்சையை உணவோடும் தொழிலோடும் சேர்த்துப் பேசுவது நமக்குப் பழக்கம். இரவுண்ணாமையும், நீரை வடிகட்டிப் பருகுவதும், உழவிலும் வணிகத்திலும் உயிர்களுக்குத் தீங்கு குறைப்பதும் நாம் நன்கறிந்தவை. ஆனால் விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் வேறொரு வினா எழுப்பினார். “ஐயா, ஒரு நாட்டுக்குள் ஒரு சாராரை மறுசாரார் கொன்று குவிக்கின்றனர். பக்கத்தில் படைவலி மிக்க நாடு ஒன்று இருக்கிறது. அது படையோடு போனால் இம்சை. போகாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் இம்சை. அது என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டார். அன்று நான் விடை கூறவில்லை. இன்று அதையே என் உரைப்பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

தமிழர்களாகிய நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. இராமேசுவரக் கடலுக்கு அப்பால் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த போரில் நம் நாடு ஒரு முறை படையோடு நுழைந்தது. மற்றொரு முறை விலகி நின்றது. இரண்டின் விளைவையும் நம் தலைமுறை கண்டது. ஆதலால் அந்தப் பட்டறிவைக் கொண்டே விடை தேடுவோம்.

தேடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதை நம் முன்னோர் தந்திருக்கிறார்கள். தீவினை மூன்று வழிகளில் ஒருவனைச் சேரும் என்பது சமண அறம்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். கிருதம், காரிதம், அனுமோதனை என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கையில் குருதி படிந்தவன் மட்டுமே குற்றவாளி என்று உலகம் கருதும். கத்தியைக் கொடுத்தவனையும், கண்டு கைதட்டியவனையும் நம் அறம் அவனோடு நிறுத்துகிறது. தனி மனிதனுக்குச் சொன்ன இந்த அளவுகோலை ஒரு வல்லரசின் மேல் வைத்துப் பார்ப்போம்.

முதலில், செய்வித்தல்.

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படைவீரர்கள் இறந்தனர். அடுத்த நாள்களில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் இருமுறை நடந்த தாக்குதலில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தமிழ்நாடு கொதித்தது. இந்திய அரசு கோ. பார்த்தசாரதியைத் தூதராக அனுப்பியது. 1985இல் பூட்டானின் தலைநகர் திம்புவில் பேச்சு வார்த்தைக்கு வழிசெய்தது. இவை நற்செயல்கள். ஆனால் அதே காலத்தில் போராளி இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் படைப்பயிற்சியும் ஆயுதமும் கிடைத்தன. ஒரு கையால் சமாதான ஓலையும் மறு கையால் துப்பாக்கியும் நீட்டப்பட்டன.

அந்தத் துப்பாக்கிகள் எங்கே போயின? 1986இல் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தைத் தாக்கி, அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தையும் அவருடைய தோழர் பலரையும் கொன்றனர். தமிழரைக் காக்கக் கொடுத்த ஆயுதம் தமிழரையே கொன்றது. மறுவருடமே, கொடுத்த நாட்டின் வீரர்களையும் நோக்கித் திரும்பியது. ஆயுதத்தைக் கொடுப்பவனுக்கு அது யார் மேல் பாயும் என்று தீர்மானிக்கும் உரிமை கிடையாது.

இரண்டாவது, செய்தல்.

1987இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் செல்லத் தடை இருந்தது. வடமராட்சியில் இலங்கைப் படை முன்னேறியது. ஜூன் 3 அன்று இந்தியா உணவும் மருந்தும் ஏற்றிப் படகுகளை அனுப்பியது. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் இந்திய வானூர்திகள் ஏறத்தாழ 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தின் மேல் போட்டன. அந்நடவடிக்கைக்குப் ‘பூமாலை’ என்று பெயர். அந்த வானூர்திகளுக்குக் காவலாகப் போர் விமானங்களும் பறந்தன. அரிசி மூட்டை தானம். உடன் பறந்த போர் விமானம் மிரட்டல். இரண்டும் ஒன்றாக வந்தபோது உலகம் மிரட்டலை மட்டுமே கண்டது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணையும். தமிழும் ஆட்சிமொழி ஆகும். இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்கும். இவற்றை நிறைவேற்ற இந்திய அமைதிப்படை செல்லும். எழுத்தில் பார்த்தால் குறை கூறுவதற்கு அதிகம் இல்லை. ஆனால் கையொப்பமிட்டவர்கள் இருவர்: இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தி, இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனா. போரிட்ட இயக்கங்களின் கையொப்பம் அதில் இல்லை. இலங்கைத் தமிழ் மக்களின் பேராளர் கையொப்பமும் இல்லை. பங்காளிகளின் வழக்கில் பஞ்சாயத்துப் பேச வந்தவர், வழக்காளியின் இடத்தில் தாமே அமர்ந்து கையெழுத்திட்டதுபோல் ஆயிற்று. உடன்படிக்கை முறிந்தால் அந்தப் பொறுப்பும் அவர் தலையில்தானே விழும்?

அது விழ இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 26 அன்று உண்ணாநோன்பிருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் காவலில் இருந்த புலிகள் 12 பேர் நஞ்சுண்டு மாண்டனர். அக்டோபர் 10 அன்று இந்தியப் படை புலிகள் மேல் போர் தொடுத்தது. அமைதி காக்கச் சென்ற படை, எம்மொழி பேசும் மக்களுக்காகச் சென்றதோ அம்மக்களின் தெருக்களிலேயே போரிட்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இருதரப்புச் சூட்டின் நடுவே அகப்பட்டு இறந்தனர் என்பது படையின் விளக்கம்; உயிர் தப்பியோர் அதை மறுத்தனர்.

படைவீரரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் மாண்டனர். மேஜர் ராமசாமி பரமேசுவரன் 1987 நவம்பர் 25 அன்று வீழ்ந்து, பரம்வீர் சக்கரம் பெற்றார். அவர்கள் ஏவப்பட்ட இடத்துக்குப் போனார்கள். யாரைக் காப்பது, யாரோடு போரிடுவது, எப்போது திரும்புவது என்பவை தெளிவில்லாத வேலையை அவர்களுக்குக் கொடுத்தது அரசு.

1990இல் அகதியாக வந்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் சேர்ந்தான். ‘என் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஊரைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தான். அவற்றுள் ஒரு வரி இன்னும் நினைவில் இருக்கிறது: “எந்த நிறச் சட்டை போட்டவர்கள் வந்தாலும் அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பார்.” இலங்கைப் படை, இயக்கங்கள், இந்தியப் படை என்று நாம் பிரித்துப் பேசும் வேறுபாடு அந்தக் கட்டிலின் அடியில் இருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை. தலையிடலாமா என்று விவாதிக்கும் எவரும் அந்தக் கட்டிலின் அடியிலிருந்தும் ஒரு முறை பார்க்கவேண்டும்.

பின்னர் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். உடன்படிக்கையின் மேல் கொண்ட சினம் தென்னிலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சிக்கு உரமாயிற்று. இந்தியப் படையை வெளியேற்ற விரும்பிய பிரேமதாசா அரசு புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. அந்தப் பிரேமதாசாவை 1993 மே 1 அன்று புலிகளே கொன்றனர். செய்விப்பவனைச் செய்வினை விடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர்கள் கப்பல் ஏறினர். 1991 மே 21 அன்று, இன்றைய நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு உயிரிழந்தவர்களுள் காவல் பணியில் நின்றவர்களும் இருந்தனர். கடல் கடந்து சென்ற போர் நம் மாவட்டத்துக்கே திரும்பி வந்தது.

இவ்வளவும் கேட்டபின், ‘அயலார் போரில் தலையிடவே கூடாது, அவரவர் வினை அவரவர்க்கு’ என்று முடிவு கட்டத் தோன்றும். அம்முடிவையும் அளவுகோலின் மூன்றாவது பகுதியில் வைத்துப் பார்க்கவேண்டும். அது, உடன்படுதல்.

2009இல் வன்னியில் போர் இறுதிக் கட்டத்தை அடைந்தது. சிறு நிலப்பரப்பில் லட்சக்கணக்கான மக்கள் சிக்கினர். ஒருபுறம் குண்டு வீழ்ந்தது. மறுபுறம் வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்தனர். இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011இல் கூறியது. 1987இன் பாடத்தைக் கற்ற இந்தியா, இம்முறை படை அனுப்பவில்லை. அது சரியே. புல்மோட்டைக்கு மருத்துவக் குழுவை அனுப்பியது. அது மிகச் சரி. ஆனால் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், மே 27 அன்று, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானம் 29 நாடுகளின் வாக்கால் நிறைவேறியபோது, அந்த 29இல் இந்தியாவும் ஒன்று. வாளை எடுக்காதது அகிம்சை. மாண்டவர் கணக்கை எவரும் கேட்கும் முன்பே கைதூக்கி வாக்களித்தது அனுமோதனை. மூன்றாண்டுக்குப் பின், 2012இல், இந்தியா தன் வாக்கை மாற்றி, பொறுப்புக்கூறலைக் கோரிய தீர்மானத்தை ஆதரித்தது. அந்த வாக்கு முன்னரே விழுந்திருக்கவேண்டும்.

உலகெங்கும் இதே மூன்று வழிகளைக் காணலாம். 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த ஐ.நா. படையை வல்லரசுகள் குறைத்தன. 2011இல் லிபியாவில் மக்களைக் காக்கவென்று வானிலிருந்து தாக்கியவர்கள், ஆட்சி வீழ்ந்தபின் நாட்டைத் தாங்க ஆளின்றி விட்டுச் சென்றனர். போகாததும் கொடுமை, போய்விட்டுப் பாதியில் விட்டதும் கொடுமை.

அப்படியானால் படைகொண்டு தலையிடுதல் ஒருபோதும் கூடாதா? இங்கே 1971ஐ எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவர்கள் கூற்றில் வலு இருக்கிறது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்தனர். 1970 தேர்தலில் அம்மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தனர் என்பதில் ஐயம் இல்லை. பிரதமர் இந்திரா காந்தி முதலில் மேலைநாட்டுத் தலைநகரங்களுக்குச் சென்று முறையிட்டார். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் தாக்கியபின் தொடங்கிய போர் 13 நாளில் முடிந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை டாக்காவில் விடைபெற்றுத் திரும்பியது. அங்கும் இந்தியா ஆயுதப் பயிற்சி அளித்தது. அங்கும் உயிர்கள் மாண்டன. தூய போர் என்று ஒன்று கிடையாது. ஆயினும் 1987இல் இல்லாத மூன்று 1971இல் இருந்தன: மக்கள் தேர்ந்தெடுத்த பேராளரின் அழைப்பு, சொல்லால் முயன்று பார்த்த பொறுமை, திரும்பும் வழி.

இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் வகுத்த நால்வகை இம்சையுள் விரோதி இம்சையும் ஒன்று. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க எதிர்ப்பவனால் நேரும் இம்சையை, இல்லறத்தான் முற்றும் விலக்க இயலாதது என்று பெரியோர் ஏற்றனர். அதை அறம் என்று அவர்கள் புகழவில்லை. பிரதிக்கிரமணத்தில் நினைந்து வருந்தவேண்டிய வினையாகவே வைத்தனர். ஒரு வல்லரசு அரிதாகப் படையெடுக்க நேர்ந்தால் அதே மனநிலையோடு செல்லவேண்டும். வெற்றி விழாவுக்கு நாள் குறிக்குமுன், மாண்ட அயலார் பெயர்ப்பட்டியலைக் கேட்கவேண்டும்.

கணக்குக் கொடுக்கவும் வேண்டும். இந்த உத்திரமேரூரில் நின்று அதைச் சொல்லாமல் விடமுடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921இல், இவ்வூர்ச் சபை மண்டபச் சுவரில் பொறித்த விதியில், வாரியத்தில் பணிசெய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர் என்று இருக்கிறது. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அதே தடை. ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொறுப்பேற்றவனிடம் ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் ஊர் கேட்ட கணக்கை, அயல்நாட்டுக்குள் படை அனுப்பும் அரசுகளிடம் உலகம் இன்றும் கேட்பதில்லை. யாழ் மருத்துவமனையில் இறந்தவர்க்கும், வன்னியில் இறந்தவர்க்கும், திரும்பி வராத நம் வீரர்க்கும் கணக்கு நிலுவையில் உள்ளது. பழைய கணக்கை முடிக்காத அரசுக்குப் புதிய தலையீட்டில் இறங்கும் தகுதி இல்லை என்பது என் முடிவு.

வாள் வேண்டாம், மௌனமும் வேண்டாம் என்றால் நடுவில் என்ன இருக்கிறது? மூன்றாமவர் எப்படி இடையில் நிற்கவேண்டும் என்பதை ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த நாம் அறிவோம். பரதச் சக்கரவர்த்தியும் பாகுபலியும் எதிர்நின்றபோது இருபுறமும் படைகள் அணிவகுத்தன. அமைச்சர்கள் இடையே புகுந்தனர். இருவரின் பகைக்குப் பல்லாயிரவர் ஏன் மாளவேண்டும் என்று வாதிட்டுப் படைகளை நிறுத்தினர். திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்யுத்தம் என மூன்றோடு பூசல் அடங்கியது. அந்த அமைச்சர்கள் எவர்க்கும் ஆயுதம் கொடுக்கவில்லை. எவர் சார்பிலும் கையொப்பமிடவில்லை. வலியவனாகிய தம் சக்கரவர்த்தியே தோற்கக்கூடிய ஏற்பாட்டுக்கு அவனை இசைய வைத்தனர். நடுவராக நிற்க விரும்பும் நாட்டுக்கு இது பாடம். தன் நலத்துக்கு மாறான தீர்ப்பையும் ஏற்க அணியமானவனே நடுவன்.

அத்துடன் நால்வகைத் தானம் இருக்கிறது: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். வல்லரசு ஒன்று அயலார் போரில் எவர் ஒப்புதலும் எதிர்பாராமல் செய்யத்தக்க தலையீடு இந்த நான்குமே. பசித்தவனுக்கு உணவு, புண்பட்டவனுக்கு மருந்து, பிள்ளைகளுக்குக் கல்வி, ஓடி வந்தவனுக்கு அஞ்சேல் என்னும் புகலிடம். 1983 முதல் மூன்று லட்சம் பேர் அளவில் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு அகதிகளாய் வந்தனர். மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பிற இடங்களிலும் முகாம்கள் எழுந்தன. போருக்குப் பின் இலங்கையில் 50,000 வீடுகள் கட்டித் தரும் திட்டத்தை இந்தியா மேற்கொண்டது. அமைதிப்படையை நினைத்து இன்று யாழ்ப்பாணத்தில் நன்றி கூறுவோர் மிகச் சிலர். அந்த வீட்டுக் கூரையின் கீழ் உறங்குபவர் அதைக் கட்டிய நாட்டைப் பழிப்பதில்லை.

ஆனால் அபய தானமும் இன்னும் நிறைவுறவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை நீக்கி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல மாற்றம். எனினும் இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கு இன்றும் குடியுரிமை இல்லை. நாற்பது ஆண்டு வாசலிலேயே நிற்கவைத்த விருந்தோம்பலை எப்படி நிறைந்த தானம் என்பது?

இளைஞரே, உங்கள் வினாவுக்கு என் விடை இது. வலிய நாடு அயலார் போரில் ஆயுதம் கொடுத்துச் செய்விக்கக்கூடாது. பாதிக்கப்பட்டவர் அழைக்காமல், திரும்பும் வழி தெரியாமல், கணக்குக் கொடுக்கும் துணிவில்லாமல் படையோடு நுழையக்கூடாது. கொலைக்கு உடன்பட்டு வாய்மூடியும் இருக்கக்கூடாது. சொல்லால் இடைநிற்கவேண்டும், நான்கு தானங்களால் உள்ளே செல்லவேண்டும்.

இது தில்லிக்குச் சொல்வதோடு முடியவில்லை. உக்ரைனிலும் காசாவிலும் சூடானிலும் வீடுகள் இடிவதைக் கைப்பேசியில் காண்கிறோம். கிரிக்கெட் ஆட்டம்போல் ஒரு பக்கம் சேர்ந்து மகிழ்கிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. அந்த மகிழ்ச்சி அனுமோதனை. நோன்பு நாளில் கீரையைக்கூட ஆராய்ந்து உண்ணும் நாம், அதையும் ஆராய்ந்து விலக்கவேண்டும்.

இறுதியாக அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்குகிறீர்கள். அதில் இரண்டு இடங்களையேனும் மறுவாழ்வு முகாம்களில் பயிலும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். எந்தச் சமயத்தவர் என்று கேட்கவேண்டாம். அது சாத்திர தானம். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அபய தானமும் ஆகும். முதல் ஆண்டுக்குரிய தொகையில் என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கைத் தர அணியமாக இருக்கிறேன்.

எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க. ஜெய் ஜினேந்திரா.